ஈறு நிறத்துப் போர் விமானம்

பல்லுக்காரருக்கு உட்காரத் தெரியாது. ஐம்பத்தாறு வயதாகிறது, இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. உடம்பு நாற்காலியில் இருக்கும். வலது முழங்கால் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதோடு மேசை ஆடும், மேசையோடு டம்ளர் ஆடும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி பேச்சையும் நிறுத்தாமல் சாப்பாட்டையும் நிறுத்தாமல், மேசைக்கு அடியில் கையை நீட்டி அந்த முழங்காலை ஒரு அழுத்து அழுத்துவாள். கால் நிற்கும். முப்பது வருடமாக அந்த வீட்டில் இது நடக்கிறது. இருவருமே இதைக் கவனித்ததில்லை.

பல்லுக்காரர் என்றதும் பல் மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரே இதை ஊருக்கு விளக்கி விளக்கி வாய் வலித்துப் போனவர். மருத்துவர் பல்லைப் பிடுங்குவார். பிடுங்கிய இடத்துக்குப் பல் செட் செய்து கொடுப்பவர் இவர். தெருமுனையில் இரண்டு அறை லேப். முன்னறை அலமாரியில் ஊர்க்காரர்களின் தாடை அச்சுகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பின்னறையில் மெழுகு உருக்கும் விளக்கு, சின்ன டிரில், பாலிஷ் மோட்டார், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சிப் பிடிக்க வைக்கும் மெஷின் ஒன்று. தெருவில் யாராவது சிரித்தால் போதும், "மேல் செட் நம்மளது" என்று சொல்லிவிடுவார். மனைவி அவர் கையைக் கிள்ளுவாள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இது தன்னுடைய வேலை இல்லை என்று ஒரு எண்ணம் அவருக்குள் எப்போதும் இருந்தது. ஊருக்கு வெளியே விமானத் தளம் இருக்கிறது. அவருக்குப் பத்தொன்பது வயதானபோது அங்கே புதிதாக ஒரு போர் விமானம் வரப்போவதாக இருந்தது. வல்லூறு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் மெக்கானிக் பயிற்சிக்கு நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் பெயர் ஏழாவது. வகுப்பு தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது மேலிடத்தில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள், திட்டம் கைவிடப்பட்டது. செய்த விமானம் மொத்தம் மூன்று. பறந்தது ஒன்று, அதுவும் பதினொரு தடவை. "வகுப்பு நடைபெறாது" என்று வந்த இரண்டாவது கடிதம், "தேர்வாகியுள்ளீர்கள்" என்று வந்த முதல் கடிதத்தில் பாதி நீளம்கூட இல்லை. வேறு வழியில்லாமல் தெரிந்தவர் ஒருவரின் லேப்பில் மெழுகு உருக்கப் போனார். அப்படியே முப்பத்தேழு வருடம் ஓடிவிட்டது.

இதையெல்லாம் அவர் புலம்பிக்கொண்டு திரியவில்லை. ஆனால் வானத்தில் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பது யாருடைய கடைவாய்ப் பல்லாக இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவார். அண்ணாந்து பார்ப்பார். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுவார். இந்த ஓட்டத்தில் ஆறிப்போன மெழுகு எத்தனை கிலோ இருக்கும் என்பது அந்த விளக்குக்குத்தான் தெரியும்.

ஊரில் மாடல் செய்கிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து பேர். மாதம் ஒருமுறை பள்ளிக்கூட வரைகலை அறையில் கூடி, சின்ன விமானங்களையும் கப்பல்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒருவர் வேலையில் ஒருவர் குற்றம் கண்டுபிடித்து, மகிழ்ச்சியாகக் கலைவார்கள். தலைவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். வருடாந்தரக் கண்காட்சியில் 'நடந்திருந்தால்' என்று ஒரு தனி மேசை போடுவார்கள். வரலாற்றில் நடக்காமல் போனது நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அதில் செய்து வைக்கலாம். மாடலோடு அரைப்பக்கக் கதையும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு விதி. அதைத் தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் விரலை நீட்டிச் சொல்வார்.

"ஒன்னே ஒன்னதான் மாத்தலாம். மத்ததெல்லாம் அது இழுத்துக்கிட்டு போற வழியிலதான் போகணும். நம்ம வசதிக்கு இன்னொன்ன மாத்தக் கூடாது. மாத்தினா அது மாடல் இல்ல, ஆசை."

இந்த விதி பல்லுக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னைப் போலக் கறாரானவர்களுக்கென்றே யாரோ எழுதியது என்று நினைப்பார்.

அந்த வருடம் அவர் வல்லூறைக் கையில் எடுத்தார். நின்றுபோன விமானத்துக்குக் கடையில் ஒட்டிச் சேர்க்கும் கிட் கிடைக்காது. பழைய பத்திரிகைப் படம் இரண்டையும் ஒரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பல் மெழுகிலேயே முழு உடலையும் செதுக்கினார். செட் செய்வது போலவே பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அக்ரிலிக்கை அழுத்தி வேக வைத்தார். அச்சைப் பிளந்தபோது உள்ளிருந்து வந்தது அப்பட்டமான ஈறு நிறத்தில் ஒரு போர் விமானம். சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், இப்போதுதான் யாரோ வாயிலிருந்து கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அன்று வேலை முடிந்து லேப்புக்கு எட்டிப் பார்த்த மனைவி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடிக்குமா?" என்று கேட்டாள்.

விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை உறிஞ்சு மெஷினில் இழுத்தார். பல்லில் பள்ளம் தோண்டும் மிக மெல்லிய ஊசியால், உடலில் தகடுகள் சேரும் கோடுகளைக் கீறினார். சாம்பல் வர்ணம் மூன்று தடவை பூசி, திருப்தியில்லாமல் மூன்று தடவை சுரண்டினார். நடுவில் எழுந்து வாசலுக்குப் போவார், வருவார், சுரண்டுவார். விமானம் இருபத்தாறு வருடம் உழைத்ததாகக் கணக்கு. அதனால் எந்த இடத்தில் வர்ணம் தேய்ந்திருக்கும், எங்கே எண்ணெய் வழிந்திருக்கும் என்று யோசித்து யோசித்து அழுக்குப் பூசினார். மெக்கானிக் கை வைத்து ஏறும் இடத்தில் தன் விரலால் பென்சில் தூளைத் தேய்த்தார். கடைசியில் ஓடுபாதைத் துண்டு ஒன்றைச் செய்து விமானத்தை அதில் நிறுத்தி, இறக்கையருகே ஒரு ஆளையும் கால்களில் ஊசி செருகி ஒட்டினார். சுண்டுவிரலில் பாதி உயரம்கூட இல்லாத ஆள். தலையில் தொப்பி, இடது தோள் லேசாகச் சரிந்திருக்கும்.

மிச்சமிருந்தது அட்டைதான். அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மனைவி எழுத்து அச்சுப் போல. கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், தன் கிறுக்கலை அவளிடம் நீட்டி நல்ல அட்டையில் எழுதித் தரச் சொன்னார்.

மனைவிக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் பொறுப்பு. அதற்குக் கட்டம் போட்ட பெரிய தாள் உண்டு. குறுக்கே மணி, நெடுக்கே நிறுத்தங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்ந்த கோடு. இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடத்தில் பயணி ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறலாம். வெட்டாவிட்டால் ஏற முடியாது, அவ்வளவுதான். ஒரு வண்டியை நிறுத்தினால் அன்றைக்கு முழுவதும் என்னென்ன கெடும் என்பதை அவள் பென்சில் முனையிலேயே சொல்லிவிடுவாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். "வல்லூறு பதினெட்டாம் படைப்பிரிவில் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியது. இதற்காக ஓடுபாதை கிழக்கே எண்ணூறு மீட்டர் நீட்டப்பட்டது. முதல் நாள் முதல் கடைசி நாள் வரை இதைக் கவனித்துக்கொண்ட தலைமை மெக்கானிக், ஓடுபாதை ஓரத்து ஒற்றை ஆள் விடுதியில் தங்கியவர். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். இறக்கையருகே நிற்பவர் அவரே." ஒற்றை ஆள் விடுதி என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதே சீராகப் போய் முற்றுப்புள்ளி வைத்தது.

அவள் எழுந்து போய், அலமாரி மேல் இருந்த மாடலைக் குனிந்து பார்த்தாள்.

"இது நீங்கதானே?"

"எப்படி கண்டுபுடிச்ச?"

"தோள் அப்படித்தான் சரியும், பை மாட்டி மாட்டி." பிறகு கேட்டாள்: "எண்ணூறு மீட்டர் கிழக்கேன்னா எது வரைக்கும்?"

தன் மாடலைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால் இவருக்குத் தலைகால் புரியாது. ஓடிப்போய்ப் பழைய பத்திரிகை வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அடி ஸ்கேலை வைத்தார்.

"இங்க பாரு, இது பழைய ஓடுபாதை. இது நீட்டினது. அப்போ இது வெறும் பொட்டல். இந்தப் பக்கம் வந்து, இப்படியே வந்து... இதுதான் நம்ம தெரு. கரெக்டா நம்ம சமையல்கட்டு மேலயே போகுது." அவர் குரலில் அப்படி ஒரு குதூகலம். "பிளேன் சக்கரம் தரையத் தொடுற இடம் நம்ம அடுப்பு இருக்கே, அங்கதான்."

"ஓ" என்றாள் மனைவி.

கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தாள். பென்சிலைச் சீவினாள். "விதி என்ன, ஒன்ன மட்டும் மாத்தலாம், அதானே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கோடு இழுத்தாள். "இது நீங்க. பத்தொன்பது வயசு. தளத்துக்குப் போறீங்க. ஒரு நாள்கூட லீவு இல்லன்னு எழுதிருக்கீங்க, அதனால நேர் கோடு." கோடு தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆடாமல் அசையாமல் போயிற்று. "இது நான். அப்போ நாங்க இருந்த வாடகை வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இங்க பிளாட் போட்டாங்க, அப்பா வாங்கினாரு, நாங்க இந்தத் தெருவுக்கு வந்தோம். ஏன் பிளாட் போட்டாங்க? ஓடுபாதைக்கு எடுத்து வெச்ச நிலம் தேவையில்லாம போச்சு, அதனால. அது தேவைன்னு ஆயிட்டா பிளாட் கிடையாது. அப்போ பெரியப்பா ஊருக்குத்தான் போயிருப்போம். லாரிக்குக்கூட சொல்லி வெச்சிருந்தாரு பெரியப்பா." அவளுடைய கோடு சரிந்து கீழே இறங்கி, தாளின் அடி விளிம்பில் வெளியே போய்விட்டது.

இரண்டு கோடும் எங்கேயும் தொடவில்லை. அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

பல்லுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தெரு புதிதாக முளைத்தபோதுதான் அவர் முனையில் சொந்தமாக லேப் போட்டார். ஒருநாள் கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அவள் அப்பாவின் மேல் செட், நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. எப்படி உடைந்தது என்று இவர் கேட்டார். "அப்பா கோவமா பேசினாரு, வெளிய வந்து விழுந்துடுச்சு" என்றாள். இவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. அந்தச் செட்டை ஒரே மாதத்தில் நான்கு முறை சரிபார்க்க வரச் சொன்னார். சரிபார்க்க ஒன்றுமே இல்லை. இதெல்லாம் நடந்த தெருவின்மேல்தான் இப்போது சந்தோஷமாக அடி ஸ்கேல் வைத்து விமானத்தை இறக்கிக் காட்டியிருக்கிறார்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன்" என்றாள் மனைவி. கோபமே இல்லாத குரல், டிப்போவில் டிரைவரிடம் நேரம் கேட்கும் குரல். "அது நிக்காம நடந்திருந்தா, உங்களுக்கு நல்லா இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புருஷர்கள் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பார்கள். இந்த மனுஷன் யோசித்தார். உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார். ஐந்து விநாடி இருக்கும். பல் செட் செய்கிறவருக்கு ஐந்து விநாடி ஒன்றுமில்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவளுக்கு அது போதுமானதற்கு மேல்.

"சரி, விடுங்க" என்று அவள் எழுந்து துவைத்த துணியை எடுக்கப் போனாள். எழுதிய அட்டை மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அன்று மாலை வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். அம்மா விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, அந்தக் கதையில நான் கேன்சலாமே? பரவால்ல, திங்கக்கிழமை ஆபீஸ் போக வேண்டாம்" என்று சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரித்தார். போனை வைத்த பிறகு, மகள் பிறந்தபோது தொடர்ந்து பதினொரு நாள் லேப்பைப் பூட்டியது ஞாபகம் வந்தது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று எழுதியதும் இதே கைதான். எழுந்து வாசலுக்குப் போனார். வானத்தில் சத்தம் ஒன்றும் இல்லை, சும்மாதான் போனார்.

அந்த வாரம் வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிடும்போது மேசை ஆடியது. டம்ளர் மெல்ல நகர்ந்து விளிம்பு வரைக்கும் போயிற்று. அவர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அது தானாக நிற்காது என்று தெரிந்துகொண்டார். மனைவி டம்ளரை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. விதியை மீறாமல் இரண்டு கோட்டையும் எங்கேயாவது வெட்ட வைத்தே தீருவது என்று கிளம்பினார். திங்கட்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்.

"உங்கப்பாவுக்கு பல் செட் உடைஞ்சிருக்கும்ல? தளத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பீங்க. நான் அங்க..."

"முந்நூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு பல் செட்டுக்கா? பெரியப்பா ஊர்லயே பல் டாக்டர் இருந்தாரு. அதுவும் நீங்க மெக்கானிக். உங்ககிட்ட ஏன் பல்ல காட்டப் போறோம்?"

புதன்கிழமை மதியம் லேப்பைப் பூட்டிவிட்டு டிப்போவுக்கே போனார். அவள் மேசையில் நாலடி நீளத்துக்குத் தாள் விரிந்து கிடந்தது. நூறு கோடு இருக்கும். அவள் ரப்பரால் ஒன்றை அழித்துக்கொண்டிருந்தாள். இவர் நின்றபடியே, இந்தக் காலிலும் அந்தக் காலிலுமாக மாறி மாறி நின்றுகொண்டு, "உங்க பெரியப்பா ஊர்லேருந்து தளத்துக்கு நேர் பஸ் இருந்திருக்கும். கண்காட்சி பாக்க நீங்கல்லாம் வந்திருப்பீங்க. விமானக் கண்காட்சி" என்றார்.

"அந்த ரூட் ஆரம்பிச்சே பதினாலு வருஷம்தான் ஆகுது. நான்தான் போட்டேன்." அழித்த தூளை ஊதினாள். "இங்க வேலைக்கு வந்ததும் நம்ம தெருக்காரர் ஒருத்தர் சொல்லித்தான். அவரும் உங்க கதையில கிடையாது."

"அப்போ..."

"விடுங்களேன். சேராத வண்டிய சேரும்னு போர்டுல எழுதி வெச்சா, நம்பி வர்றவங்கதான் நின்னு ஏமாறுவாங்க. நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட அப்படி எழுதினதில்ல." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கோடு வெட்டலங்கறதுக்கு நான் வருத்தப்படல. அது யார் தப்பும் இல்ல. நான் கேட்டது வேற. அதுக்கு இன்னும் பதில் வரல."

அவர் என்னவோ முனகிவிட்டு வெளியே வந்தார். எந்தப் பஸ்ஸில் ஏறினார் என்று பார்க்காமல் ஏறி, இரண்டு நிறுத்தம் எதிர்த்திசையில் போய், இறங்கி நடந்தார்.

வியாழக்கிழமை பல் மருத்துவரிடமிருந்து போன் வந்தது. அனுப்பிய கீழ்ச் செட்டில் இடது கடைவாய்ப் பல் வலதிலும் வலது இடதிலும் இருக்கிறதாம். "இருபத்தஞ்சு வருஷத்துல உங்ககிட்டேருந்து இப்படி வந்ததில்லையே. என்ன, ஆள் இங்க இல்ல போல?" என்று டாக்டர் சிரித்தார். சாதாரணப் பேச்சுதான். ஆனால் பல்லுக்காரர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த மெழுகு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இங்கே இல்லை. இந்த வாரம் மட்டுமா? சத்தம் கேட்டு எழுந்து ஓடிய ஒவ்வொரு தடவையும் அவர் இங்கே இல்லை. அரை வாக்கியத்தில் மனைவியை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். மகள் மதிப்பெண் அட்டையை நீட்டியபோது அதைக் கையில் வாங்கிக்கொண்டே அண்ணாந்திருக்கிறார். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடியிருக்கிறார். அவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, ஊசி டிரில்லை எடுத்தார்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கெல்லாம் வரைகலை அறையில் மேசைகள் நிறைந்துவிட்டன. மனைவிக்கு டிப்போவில் அரைநாள் வேலை இருந்தது. வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பல்லுக்காரர் தன் மேசைக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தார். பத்தரைக்குத் தலைவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு 'நடந்திருந்தால்' மேசைக்கு வந்தார். வல்லூறுக்குமுன் குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"கூண்டு பிரமாதம். தேய்மானம் பிரமாதம். கை வெச்சு ஏறின இடம் இருக்கே, தொடலாம் போல இருக்கு." பிறகு குரல் மாறியது. "தரையில ரெண்டு ஓட்டை தெரியுதே. யாரோ நின்ன மாதிரி?"

"ஆமா தலைவரே. எடுத்துட்டேன்."

"புட்டி வெச்சு அடைச்சிருக்கலாமே. அட்டையில வேற அடிச்சிருக்கு. இவ்வளவு அழகான எழுத்துல குறுக்கால ஒரு கோடு, அதுவும் கோணலா." அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், அடித்த வரியைப் படித்தார். "சரி, மெக்கானிக் இல்லாம இது இருபத்தாறு வருஷம் எப்படி ஓடிச்சு?"

"வேற யாராவது பாத்திருப்பாங்க. எட்டாவது பேரு ஒன்னு இருந்திருக்கும்."

"ஏழாவது ஆள் எங்க போனான்? அவன் போகலன்னா அது ரெண்டாவது மாற்றம். விதி தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

தலைவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மாடலுக்கு நகர்ந்தார். பரிசு போயிற்று. பல்லுக்காரருக்கு அது தெரிந்துதான் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மனைவி உள்ளே வந்தாள், டிப்போப் பையைத் தோளில் மாட்டியபடி. நேராக வந்து விமானத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். அவள் விரல் அவள் எழுத்தின்மேலேயே நகர்ந்து, அடித்த வரியில் நின்றது. ஒற்றை ஆள் விடுதி, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர், இறக்கையருகே நிற்பவர், எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடு.

"ஆள் எங்க?"

இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை.

"நீ அன்னைக்கு கேட்டல்ல, நல்லா இருந்திருக்குமான்னு. இருந்திருக்கும். ரொம்ப நல்லா இருந்திருக்கும். இல்லன்னு சொன்னா உனக்கே தெரிஞ்சுடும்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"அதனாலதான் எடுத்தேன். அவன் அங்க நின்னுக்கிட்டே இருந்தா, இங்க யாரு இருக்கறது?"

பக்கத்து மேசையில் யாரோ ஒரு கப்பலின் புகைபோக்கியைப் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி குனிந்து, ஓடுபாதையில் இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளைப் பார்த்தாள். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

"அவன தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"மனசு வரல. பல் டப்பாவுல இருக்கான்."

"இருக்கட்டும்" என்றாள். பிறகு அட்டையை மறுபடி பார்த்தாள். "ஸ்கேல் வெச்சு அடிச்சிருக்கலாம்ல? என் எழுத்தே கெட்டுப்போச்சு."

பரிசு பட்டியல் வாசிக்கும்வரை இருந்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. விமானத்தை அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பொதிந்து எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி நாலு நிமிடம் தாமதம் என்று அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பெட்டி அவர் மடியில் இருந்தது. இரண்டு நிறுத்தம் போவதற்குள் முழங்கால் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. பெட்டி ஆட, உள்ளே விமானம் டக் டக் என்று தட்டியது.

அவள் ஜன்னலுக்கு வெளியே எதிரே வரும் வண்டியின் எண்ணைப் பார்த்துக்கொண்டே, கையை நீட்டி முழங்காலை அழுத்தினாள். தட்டுவது நின்றது. அப்போது மேலே எங்கேயோ விமானச் சத்தம் கேட்டது. அவர் கழுத்து பாதி திரும்பிவிட்டது, பிறகு அப்படியே நின்றது.

"பாத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சாதாரணப் பயணிகள் விமானம், ரொம்ப உயரத்தில். பார்த்துவிட்டுத் திரும்பி, "அந்த எதிர் வண்டி நம்பர் ஏதோ தப்புன்னு சொல்ல வந்தியே, என்ன?" என்று கேட்டார்.

அவள் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்லத்தான் இருந்தாள். கையை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தாள்.